ஒரு நூல் விலகல்

என் பேத்தி தொழிற்கல்லூரியில் இயந்திரத் தொழில் படிக்கிறாள். சென்ற மாதம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், பயிற்சிக் கூடத்தில் தான் செய்த வேலை என்று ஓர் இரும்புத் துண்டை என் முன்னால் மேசையில் வைத்தாள். 20 மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்டைக் கம்பி. நீளம் ஒரு சாண் இருக்கும். அதன் குறுக்கே 6 மில்லிமீட்டரில் ஒரு துளை. உருளாமல் இருக்க அழிப்பான் ஒன்றை அண்டை கொடுத்து, துளை மேலே தெரியும்படி வைத்திருந்தாள். துளை நடுவில் அழகாகத்தான் உட்கார்ந்திருந்தது. விளிம்பில் பிசிறுகூட இல்லை.

"நல்லாருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே கம்பியை எடுக்கக் கை நீட்டினேன். அவள் கை முந்திக்கொண்டது.

"போதும் தாத்தா, பாத்தாச்சில்ல!"

வாசகர்களே, அந்தக் கை முந்தியதுமே எனக்கு விளங்கிவிட்டது. கம்பியை வாங்கித் திருப்பினேன். மேலே நடுவில் புகுந்த துளை, கீழே ஒரு பக்கமாக ஒதுங்கி வெளியே வந்திருந்தது. பேத்தியின் முகம் சுருங்கிவிட்டது. அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. இதே மாதிரி ஒரு கம்பியை, நல்ல பக்கம் மேலே இருக்கும்படி வைத்தவன்தான் நானும். அது 1978ஆம் ஆண்டு.

நான் பிறந்தது பேராக்கில், தெலுக் ஆன்சன் பக்கத்தில் ஒரு தோட்டம். அந்த ஊருக்கு 1982இல் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது. என் தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டியவர்கள். பிறகு மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள். எண்ணெய் ஆலையும் வந்தது. பதினேழு வயதில் நான் அந்த ஆலையின் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். வெயிலிலும் மழையிலும் காட்டில் நிற்க வேண்டாம், கூரைக்கடியில் வேலை என்று அம்மாவுக்கு ஏகப் பெருமை.

பட்டறையில் எனக்கு மேலே இருந்தவரைப் பிட்டர் ஐயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார். அளவு சொன்னால் நூல் கணக்கில்தான் சொல்வார். எட்டு நூல் ஓர் அங்குலம். இப்போதைய கணக்கில் ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். "டேய், நாலு நூல் பிட்டு எடுத்தா" என்றால் அரை அங்குலப் பிட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பட்டறை மூலையில் ஆளுயர டிரில் மெஷின் ஒன்று நின்றது. அதில் வேலை பழக எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இரும்பில் ஓட்டை போட என்ன வருஷக் கணக்கு என்று நினைப்பீர்கள். தட்டை இரும்பில் போடுவது எளிதுதான். உருண்டைக் கம்பியின் கதை வேறு. அதில் உச்சி என்பது ஒரு கோடு மட்டுமே. அந்தக் கோட்டை விட்டு மயிரிழை விலகினாலும் பிட்டின் முனைக்கு அது மலைச்சரிவு. சறுக்கிக்கொண்டு கீழ்ப்பக்கம் ஓடப் பார்க்கும். அப்படிச் சறுக்கும்போது பிட்டு லேசாக வளையும். வளைந்தபடியே உள்ளே இறங்கும். புகும் இடத்தைப் பார்த்தால் குறை தெரியாது. வெளியே வரும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

எங்கள் ஆலையில் பழத்தையும் கொட்டையையும் தள்ளிக்கொண்டு போக ஸ்க்ரூ கன்வேயர்கள் உண்டு. நீளமான குழாயைச் சுற்றி இரும்புத் தகடு திருகாணி மாதிரி ஓடும். ஒரு குழாயையும் அடுத்த குழாயையும் இணைக்க நடுவில் ஓர் உருண்டைக் கம்பி. குழாயின் வாய்க்குள் கம்பியைச் செருகி, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே போல்ட்டு போட்டு முடுக்குவோம். கன்வேயரின் முழுப் பாரத்தையும் அந்தக் கம்பியும் போல்ட்டும்தான் தாங்க வேண்டும். கம்பியின் பருமன் ஒன்றரை அங்குலம், அதாவது பன்னிரண்டு நூல். போல்ட்டுக்கு நாலு நூல் துளை போட்டால், துளைக்கு இந்தப் பக்கம் நாலு நூல், அந்தப் பக்கம் நாலு நூல் இரும்பு மிஞ்சும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பிட்டர் ஐயா பட்டணத்துக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். கன்வேயர் கம்பி ஒன்று தேய்ந்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று ஆள் வந்து நின்றான். அன்று இரவு திடலில் எம்.ஜி.ஆர். படம். வெள்ளைத் துணி கட்டி, லோரியில் மெஷின் வந்து இறங்கியாயிற்று. சாயங்காலமே பாய் போட்டு இடம் பிடிக்காவிட்டால் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, வாளை இடக்கையில் பிடிக்கும் எம்.ஜி.ஆரைத்தான் பார்க்க வேண்டும்! எனக்குக் கை பரபரத்தது.

பிட்டர் ஐயா இருந்தால் முதலில் மெஷினின் மேசையைச் சோதிப்பார். பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்துச் சக்கில் மாட்டி, அதன் நுனி மேசையைத் தொடும்படி இறக்கி, சக்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார். முன்னும் பின்னும், இடமும் வலமும் நுனி ஒரே மாதிரி உரசினால் மேசை மட்டம். ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் இடைவெளி விட்டால் மேசை சாய்ந்திருக்கிறது. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் செய்யவில்லை. முந்தின நாள் யாரோ சாய்வாக ஒரு துளை போட்டுவிட்டு, மேசையைச் சரியாகத் திருப்பி வைக்காமல் போயிருந்தார்கள். வீ பிளாக்கை எடுத்துக் கட்டவும் சோம்பல். கம்பியை வைஸில் இறுக்கிக் கண்ணளவில் உச்சி பார்த்துப் பஞ்ச் அடித்தேன். நாலு நூல் பிட்டை நேரே இறக்கினேன். பிட்டும் மழுங்கல்.

கம்பியைத் திருப்பிப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அடிப்பக்கம் ஒரு நூல் விலகல். ஒரு பக்கம் மூன்று நூல், மறுபக்கம் ஐந்து நூல். போல்ட்டு குழாய்த் துளையோடு சேரவில்லை. வேறு கம்பி அறுத்துப் புதிதாகப் போட ஒரு மணி நேரம் பிடித்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எலிவால் அரத்தை எடுத்து, போல்ட்டு நுழையும்வரை துளையை ராவி அகலப்படுத்தினேன். கிரீஸை அப்பி மாட்டிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது நல்ல பக்கம் மேலே இருந்தது. படத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் ஆலை நின்றது. தோட்டத்தில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், ஆலை ஓடும் இரைச்சலில் குழந்தைகள்கூட நன்றாகத் தூங்கும். அது நின்றால்தான் லயமே விழித்துக்கொள்ளும். அப்படித்தான் நானும் விழித்தேன். கன்வேயர் கம்பி போல்ட்டுத் துளையில் இரண்டாக முறிந்திருந்தது. சரி செய்து மறுபடி ஓட்டும்போது விடிந்துவிட்டது. வெட்டிய பழக்குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். மேலே இருந்தவர்களுக்கு அந்தக் கோபம்.

அன்றிரவு கன்வேயரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் லயத்தில் மூன்றாம் வீட்டுக்காரர். உறவு இல்லாவிட்டாலும் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பழத்தை அளவுக்கு மேல் தள்ளிவிட்டார், அதனால்தான் கம்பி முறிந்தது என்று முடிவு செய்து, அவருக்கு ஐந்து நாள் சம்பளமில்லாமல் வேலை நிறுத்தம் கொடுத்தார்கள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "மூணாவது வீட்டு அக்கா வந்து ரெண்டு டின் அரிசி கடனா வாங்கிட்டுப் போச்சு. அவங்க வீட்டுக்காரர் பாவம், நான் கூடப் போடவே இல்லன்னு தலையில அடிச்சிக்கிறாராம்." எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பிற்பகல் பிட்டர் ஐயா தம் பெட்டியைத் திறந்து முறிந்த துண்டை எடுத்தார். அவர் அதை எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினார். துளையின் ஒரு பக்கத்து இரும்பு மங்கலாய், வழவழவென்று தேய்ந்து, கறுத்துப் போயிருந்தது. மறுபக்கம் சீனிக்கட்டியை உடைத்த மாதிரி பளபளவென்று சொரசொரப்பாக இருந்தது.

"இது என்னா?"

"தெரியலிங்கய்யா."

"கறுத்தது பழைய விரிசல். நாள்கணக்கா வாயத் தொறந்து தொறந்து மூடி ஒரசிக்கிட்டே இருந்திருக்கு. பளபளன்னு இருக்கே, அதான் அன்னிக்கு ராத்திரி ஒடஞ்சது." காலிப்பரை என் கையில் கொடுத்தார். "அள."

அளந்தேன். கறுத்த பக்கம் மூன்று நூல். பளபளப்பான பக்கம் அதைவிடக் கூடுதல். துளைக்குள் அரம் போன கோடுகளும் தெரிந்தன. பட்டறையில் எலிவால் அரம் ஒன்றுதான் இருந்தது. அது என் பெட்டியில்தான் கிடந்தது. கூடுதல் பாரத்தில் முறிந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே இரவில் பளபளவென்று உடைந்திருக்கும். இரும்பு பொய் சொல்லவில்லை. அவரும் என்னைத் திட்டவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணாச்சு. ஆபீஸ் நாலரைக்கு மூடிருவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன். பட்டறையிலிருந்து கால் மைல்கூட இருக்காது. இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று நின்றேன். கடைசியில் எஞ்சினியர் மேசைமேல் துண்டை வைத்து, தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கிராணியைக் கூப்பிட்டார். மாமாவின் மிச்ச இரண்டு நாள் தண்டனை ரத்தானது. போன மூன்று நாள் போனதுதான். கணக்கில் ஏறிவிட்டது என்றார்கள். எனக்கு அந்த வருஷச் சம்பள உயர்வு இல்லை. மூன்று மாதம் மெஷினைத் தொடக்கூடாது, சாமான் கழுவத்தான் வேண்டும் என்று உத்தரவு. சம்பள நாளில் மூன்று நாள் கூலியை எடுத்துக்கொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போனேன். மாமா வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மூன்று மாதம் முடிந்த அன்று பிட்டர் ஐயா என்னை டிரில் மெஷின் முன்னால் நிறுத்தி முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் சென்ற மாதம் வீட்டு முன் கொட்டகையில் இருக்கும் என் சின்ன மெஷினில் பேத்திக்குச் செய்து காட்டினேன்.

முதலில் அவள் கூந்தலை முடிந்துகொள்ளச் சொன்னேன். வளையலைக் கழற்றச் சொன்னேன். கையுறை போட வந்தாள். டிரில் மெஷினில் அது கூடவே கூடாது. சுற்றும் பிட்டு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பிறகு ஸ்போக்ஸ் கம்பியால் மேசையின் மட்டம் பார்த்தோம். அடுத்து, கூம்பு முனையுள்ள ஒரு கம்பியைச் சக்கில் மாட்டி, அதை வீ பிளாக்கின் பள்ளத்துக்குள் மெல்ல இறக்கினோம். கூம்பு இரண்டு சரிவையும் ஒன்றாகத் தொட்டு உட்காரும்போது பள்ளத்தின் நடு, மெஷினின் நடுவுக்கு நேரே வந்துவிடும். அந்த நிலையிலேயே பிளாக்கைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிவிட வேண்டும். இனி அந்தப் பள்ளத்தில் எந்த உருண்டைக் கம்பியை வைத்தாலும் அதன் உச்சி பிட்டுக்கு நேர்கீழேதான் இருக்கும். கம்பியையும் பள்ளத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு துளைக்கக்கூடாது.

வீ பிளாக் இல்லாத வீட்டுக்கும் பிட்டர் ஐயா ஒரு வழி வைத்திருந்தார். மெஷினை நிறுத்தி வைத்து, கம்பியின் மேல் ஆறு அங்குல இரும்பு அடிக்கோலைக் குறுக்கே வைத்து, பிட்டின் முனையால் அதை மெதுவாக அழுத்துங்கள். முனை உச்சிக்கு நேரே இருந்தால் அடிக்கோல் தராசு மாதிரி சமமாக நிற்கும். ஒரு பக்கம் தாழ்ந்தால் முனை அந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். தாழ்ந்த பக்கமாகக் கம்பியை நகர்த்தினால் சரியாகிவிடும். பேத்தி இதை நான்கு முறை செய்து பார்த்துச் சிரித்தாள். "இத ஏன் தாத்தா எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல?" என்றாள். சொல்லியிருப்பார்கள்; அன்று இவளுக்கும் ஏதோ ஒரு படம் இருந்திருக்கும்!

துளைக்கத் தொடங்கும்போது நீளப் பிட்டை நேரே இறக்கக்கூடாது. சென்டர் டிரில் என்று குட்டையாய்த் தடித்த ஒன்று உண்டு. அது வளையாது. அதனால் முதலில் ஒரு சின்னக் குழி போட்டுவிட்டால், பிறகு வரும் பிட்டு அந்தக் குழியில் உட்கார்ந்துகொள்ளும். பிட்டின் இரண்டு வெட்டு உதடுகளும் ஒரே நீளமாகத் தீட்டியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுருள் ஒரே மாதிரி வந்தால் தீட்டியது சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் துளை பெரிதாகும், கோணவும் செய்யும். கொஞ்சம் இறக்கி, மேலே தூக்கி, சுருளைத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி இறக்க வேண்டும். அரை அங்குலப் பிட்டுக்கு நிமிஷத்துக்கு 600 சுற்றுப் போதும். இவளுடைய 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு 1,200 வரை போகலாம். அடிப்பக்கம் துளை விழப்போகும் நேரத்தில் கையை லேசாக்கிவிட வேண்டும். அப்போது அழுத்தினால் பிட்டு கடித்துக்கொண்டு உடையும்.

கம்பியின் முனையில், நீளவாக்கில் நடுத்துளை போட இன்னொரு வழி. கிரீஸ் போகும் ஊசிகளுக்கு இப்படித் துளை வேண்டும். சக்குக்குள் நுழையும் பருமனான கம்பி என்றால், முதலில் அந்தக் கம்பியையே சக்கில் மாட்டிவிடுவார் பிட்டர் ஐயா. அப்படியே கீழே இறக்கி, மேசைமேல் இருக்கும் வைஸின் வாய்க்குள் விட்டு, வைஸ் தானாக நகர்ந்து கம்பிக்கு ஒத்துவரும்படி விட்டு இறுக்குவார். வைஸை மேசையோடு கட்டுவார். பிறகு சக்கைத் தளர்த்தி மேலே தூக்கினால், கம்பி மெஷினின் நடுவுக்கு நேர்கீழே தானே நிற்கும். மேசையை அசைக்காமல், சென்டர் டிரில்லை மாட்டித் துளைக்க வேண்டியதுதான். கோடும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம்.

பேத்தி புதுக் கம்பியைத் துளைத்து முடித்ததும் வெர்னியரை எடுத்துக்கொண்டு தானே அளந்தாள். 20இல் 6 போனால் 14; பக்கத்துக்கு 7 மிஞ்ச வேண்டும். அடிப்பக்கத்தில் ஒரு புறம் 6.9, மறுபுறம் 7.1 வந்தது.

"அந்த மாமா அப்பறம் ஒங்ககிட்டப் பேசவே இல்லியா தாத்தா?" என்று கேட்டாள்.

பேசினார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கம்பித் துண்டு. கைவண்டிச் சக்கரத்துக்கு அச்சு. முனையில் பின் மாட்டத் துளை வேண்டும். பிட்டர் ஐயா உள்ளேதான் இருந்தார். மாமா அவரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் நீட்டினார்.

"நேரா வருமா?" என்றார்.

நான் ஸ்போக்ஸ் கம்பியை எடுத்து மேசையின் மட்டம் பார்க்கத் தொடங்கினேன். துளை போட்டு முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். முடிந்ததும் கம்பியை வாங்கி, முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு போனார்.